கொட்டாய் வீடான வரலாறு: வட ஆர்க்காட்டுக் கழனிக் கட்டடங்கள் குறித்து

கணியம்பாடியைக் கடந்து ஆரணி சாலையில் போகிறவர்கள், ஊரைவிட்டு விலகிக் கழனி நடுவே நிற்கும் ஒற்றை வீடுகளைப் பார்த்திருப்பார்கள். இப்படிப்பட்ட வீடுகள் பல, கிணற்றோரத்து மாட்டுக் கொட்டாயாகத் தொடங்கியவை. கொட்டாயைக் குடியிருப்பாக்கியதில் பெரும்பங்கு கிணற்றுக்கும் மின்சாரத்துக்கும் உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

கழனியில் ஏன் களஞ்சியம் இல்லை என்பதை அறிய, முதலில் நெல்லைப் பார்த்துவிடலாம். ஐரோப்பியப் பண்ணைகளில் விளைச்சலும் வைக்கோலும் சேரும் பெரிய கொட்டகை தனிக் கட்டடமாக இருந்தது. இங்கிலாந்தின் ஹார்மண்ட்ஸ்வர்த்தில் 1426இல் எழுப்பிய கொட்டகை இன்றும் நிற்கிறது. நம் குடியானவரோ நெல்லைத் தான் படுத்துறங்கும் வீட்டுக்குள்ளேயே வைத்தார். களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து உறை உறையாக அடுக்கிய குதிர், மேலே மூடி, அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. துணி அடைத்துச் சாணம் மெழுகிய அந்தத் துளையைத் திறந்தால் வேண்டிய நெல் மட்டும் சரிந்து விழும். பெரிய தனிக் களஞ்சியம் பெரும்பாலும் கோயிலுக்கும் அரசுக்கும் உரியதாக இருந்தது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் 1600க்கும் 1634க்கும் இடையே நாயக்கர்கள் கட்டிய செங்கல் களஞ்சியம் 3,000 கலம் நெல் கொள்ளும்.

கழனியில் இருந்தது கொட்டாய் மட்டும்தான். நான்கு கால், பனை ஓலையோ கரும்புச் சோகையோ வேய்ந்த கூரை, உள்ளே இரண்டு மாடு. அந்த மாடுகளின் முதல் வேலை கவலை இறைப்பது, அதாவது கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால் மேலேறும்; சாலின் அடியில் தைத்த தோல் தும்பி வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலை ஏற்றுமதிச் சரக்காக்கிய வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதே தோல் இந்தக் கிணறுகளில் தண்ணீர் இறைத்ததைப் பற்றி எழுதியவர் குறைவு.

பம்புசெட் வந்ததும் எல்லாம் மாறியது. கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1973-74இல் வட ஆர்க்காட்டு ஊர்களை ஆராய்ந்தார்கள். பி. எச். ஃபார்மர் பதிப்பித்து 1977இல் வெளியான அந்த ஆய்வில் கிணற்றுப் பாசனத்துக்கு முக்கிய இடம் உண்டு. கவலை நின்றது, மாடுகள் குறைந்தன, கொட்டாயில் இடம் காலியானது. அதே நேரத்தில் மனிதருக்கு அங்கே வேலை கூடியது. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் எழுந்து மோட்டார் போட ஆள் வேண்டியிருந்தது. 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானது. அது வரும் நேரம் மட்டும் அவர்கள் கையில் இல்லாதிருந்தது. இரவுக்கு ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது, பிறகு அடுப்பு, பிறகு மண்சுவர். பாகம் பிரித்த தம்பி ஒருவர் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து சேர்ந்தால் அது வீடு. திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஆள் பெயரோடு 'கொட்டாய்' சேர்ந்து வழங்கும் குக்கிராமங்கள் இந்தப் போக்கின் முற்றிய வடிவம் என்றே கருதுகிறேன்.

குதிரின் கதை வேறு. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14இல் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் வந்தது. நெல் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்கும் ஆலைக்கும் போனபின் வீட்டுக்குள் குதிருக்கு வேலையில்லை. அதை உடைத்த இடத்தில் பீரோ நின்றது.

கேரளத்துப் பத்தாயப்புரைகளும் காலியாயின; அங்கே காரணம் நிலவுறவின் மாற்றம். கீழே நெல்லும் மேல்மாடியில் விருந்தினர் அறையும் கொண்ட அக்கட்டடங்களுக்கு, 1970 ஜனவரி 1இல் குத்தகை முறை ஒழிந்தபின் குத்தகை நெல் வரவில்லை. சில இப்போது சுற்றுலா விடுதிகள். இங்கிலாந்தில் அறுவடை இயந்திரங்கள் பழைய கொட்டகைக்குள் நுழைய முடியாததால் அவையும் வேலையற்றுப் போயின. வேளாண் கட்டடங்களை வழக்கமான திட்ட அனுமதி இன்றியே வீடாக்க 2014இல் அங்கே சட்டம் இடம் தந்தது. அங்கு பழைய உத்தரங்கள் வீட்டின் விலையை ஏற்றுகின்றன. இங்கே ஓலைக் கொட்டாய்க்கு விலையே கிடையாது, அது ஏழ்மையின் அடையாளம். 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தந்து 2030க்குள் 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க முனைகிறது. ஒழுகும் கூரையின் கீழ் படுப்பவரிடம் மரபைக் காப்பாற்றச் சொல்வது நியாயமாகாது.

ஆனால் இடிக்குமுன் அளந்து வைக்கலாம். வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி வரலாற்று மாணவர்கள் அளவுநாடாவோடு வந்து, எஞ்சியிருக்கும் கொட்டாய்களையும் கவலைக் கிணறுகளையும் வரைந்து பதிவு செய்ய வேண்டும். கவலை ஓட்டிய பெரியவர்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.