தூரத்தின் பிரமாணம்: கணினிப் படங்களில் இடையக மண்டலம் வகுத்தல் குறித்து

சட்டம் ஒரு தூரத்தைக் குறிப்பிட்டுவிட்டால், அந்தத் தூரம் தானாகவே பூமியின் மீது இறங்கி எல்லையாகிவிடும் என்று நம்புவது சாமானிய மனத்தின் இயல்பு. கணினியில் படம் வரைபவரும், ஒரு சாலையையோ ஏரியையோ தேர்ந்து, 500 என்ற எண்ணை அதற்குரிய கட்டத்தில் இட்ட மாத்திரத்தில் அதனைச் சூழ்ந்து வர்ணப் பட்டை ஒன்று தோன்றக் கண்டு, சட்டத்தின் கருத்தையே படமாக்கிவிட்டதாகத் திருப்தி கொள்கிறார். இடையக மண்டலம் என்றும் பஃபர் என்றும் வழங்கும் இப்பட்டையோ, எதிலிருந்து அளப்பது, எவ்வழியே அளப்பது, எந்தப் பரப்பின் மீது அளப்பது ஆகிய வினாக்களுக்கு யாரோ முன்னரே அளித்துவைத்த விடைகளின் விளைவு. சட்டம் மௌனம் சாதித்த இடங்களில் அவ்விடைகளை மென்பொருள் அளித்துவிடுகிறது என்பதும், அவை பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்கின்றன என்பதுமே எனது வாதம்.

தமிழ்நாடு அரசுக்கும் கே. பாலுவுக்கும் இடையே நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று வழங்கிய தீர்ப்பு இதனை ஆராய்வதற்கு உகந்த திருஷ்டாந்தம். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருத்தலாகாது என்று விதித்த நீதிமன்றம், அத்தூரத்தை நெடுஞ்சாலையின் அல்லது அதனை ஒட்டிய சேவைச் சாலையின் வெளி விளிம்பிலிருந்து கணக்கிட வேண்டும் என்றும் தெளிவுபடக் கூறியது. ஆனால் கணினிப் படங்களில் நெடுஞ்சாலை என்பது பெரும்பாலும் அகலமே இல்லாத ஒரு நடுக்கோடு. அக்கோட்டைச் சுற்றி 500 மீட்டர் வகுத்தால், சாலை 30 மீட்டர் அகலமுடையதாயின், தடைப் பட்டை இருபுறமும் 15 மீட்டர் குறுகிப்போகிறது. அவ்வளவு பிரயாசையுடன் எழுதப்பட்ட ‘வெளி விளிம்பு’, படம் வரைபவரின் கையில் ஓசையின்றி நடுக்கோடாகிவிடுகிறது.

எவ்வழியே அளப்பது என்பது இதனினும் ரசமான பிரச்சினை. மென்பொருளின் இடையக மண்டலம் பறவை பறக்கும் நேர்கோட்டை அறியுமேயன்றி மனிதன் நடக்கும் வழியை அறியாது. கேரளத்தில் மதுக்கூடங்களின் தூரத்தை மக்கள் நடமாடும் வழியே அளந்து வந்தமையால், அங்கே வடக்குப் பரவூரில் ஒரு மதுக்கூடத்தார், கட்டடத்தை ஓர் அங்குலமும் நகர்த்தாமல், வாயிலுக்கு முன்னே சுற்றிச் சுற்றிச் செல்லும் நடைபாதை ஒன்றை அமைத்துத் தூரத்தை வளர்த்துக்கொண்டனர். அவர்களை எள்ளி நகையாடுவது எளிது. எனினும், எந்தத் தூரம் என்ற கேள்வியை அதிகாரிகளைக் காட்டிலும் கூர்மையாக உணர்ந்தவர்கள் அவர்களே என்பது என் அபிப்பிராயம். சண்டிகரிலோ நடைபாதைக்கும் அவசியம் நேரவில்லை. சாலைகளின் வகைப்பாட்டையே மாற்றிவிட்டபடியால், அளக்கத் தொடங்குவதற்கான நெடுஞ்சாலையே அங்கு இல்லாதொழிந்தது. 2016 தீர்ப்புக்குப் பின்னர் உச்ச நீதிமன்றமே 20,000 பேருக்கு மேற்படாத மக்கள்தொகையுள்ள உள்ளாட்சிப் பகுதிகளுக்கு 500 மீட்டரை 220 ஆகக் குறைத்து, நகராட்சி எல்லைக்குட்பட்ட உரிமக் கடைகளுக்கு இத்தடை இல்லை என்றும் 2017இல் விளக்கம் அளித்தது.

இனி, பரப்பைப் பற்றிய விஷயம். அட்ச, தீர்க்க ரேகைகளின் பாகைகளில் அமைந்த தரவுக்கு 500 என்று இட்டால், கணினி அதனை 500 பாகை என்றே கொள்ளும்; அப்பிழை பிரத்தியட்சமாகத் தெரிவதால் அதனால் அபாயமில்லை. அபாயமெல்லாம் நம்பத்தக்க தோற்றம் காட்டும் பிழையில் இருக்கிறது. இணையப் படங்கள் பெரும்பாலும் கையாளும் வெப் மெர்க்கேட்டர் என்னும் வீழலில் (பூமியைத் தளத்தில் விரிக்கும் முறையில்) அலகு மீட்டர் என்றே எழுதப்பட்டிருப்பினும், நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அம்மீட்டர் சுருங்குகிறது: அதில் வகுத்த 500 மீட்டர், சென்னையில் உண்மையில் சுமார் 487 மீட்டர், டெல்லியில் சுமார் 439, ஸ்ரீநகரில் 414 அளவே. யூடிஎம் என்னும் வீழல் முறையின் மண்டலங்களைக் கையாண்டால் இக்குறை ஏறத்தாழ நீங்கும். ஆயினும் 43ஆம், 44ஆம் மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கரேகை திண்டுக்கல்லை ஒட்டிச் செல்வதால், தமிழகப் படம் முழுவதற்கும் ஒரே மண்டலம் போதும் என்று எண்ணுவதற்கில்லை.

வட்டத்தின் கதையும் இத்தகையதே. கணினி வரையும் வட்டம் வட்டமன்று, பலகோணம். அதன் முனைகள் மட்டுமே விதித்த தூரத்தில் நிற்க, பக்கங்கள் உள்ளே அமிழ்ந்திருக்கும். கியூஜிஐஎஸ் என்னும் படமென்பொருள் கால்வட்டத்துக்கு 5 துண்டுகளை முன்னமைப்பாகக் கொள்வதால், ஒரு பள்ளியைப் புள்ளியாகக் குறித்து 500 மீட்டர் வகுத்தால், பக்கங்களின் நடுவில் தூரம் 494 மீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே நிற்கிறது. போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் மென்பொருளின் முன்னமைப்பு 8 ஆதலால் அங்கே ஏறக்குறைய 497.6 மீட்டர். நெடுஞ்சாலை முடியும் இடத்தில் மட்டும் நிலைமை தலைகீழ்: முனையை உருட்டி வரைந்தால் சுமார் 39 ஹெக்டேர் அரைவட்டம் தடைக்குள் புதிதாகச் சேரும், தட்டையாக வெட்டினால் ஒன்றும் சேராது. இரண்டில் எது சட்டத்தின் கருத்து என்பதைச் சொல்பவர் யார்?

இடத்தைக் கணிக்கும் கையடக்கக் கருவிகளே சில மீட்டர் பிழைபடும்போது இந்த நுணுக்கம் எதற்கு என்று ஆட்சேபிப்போர் உண்டு. அவர்கள் ஒரு பேதத்தைக் காண்பதில்லை. கருவியின் பிழை இன்று உட்புறமாகவும் நாளை வெளிப்புறமாகவும் சாய்ந்து, பல அளவைகளில் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். நடுக்கோடு, மெர்க்கேட்டர், பலகோணம் ஆகிய மூன்றின் பிழைகளோ எப்போதும் ஒரே திசையில், தடைப் பரப்பைக் குறுக்கும் திசையில், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. நெறிப்படி அளந்திருந்தால் விலகியிருக்க வேண்டிய கடை, இவற்றின் தயவால் சட்டப்படி நிற்கிறது. அதற்கு உரிமம் அளித்தவர் மீதும் குற்றம் கூற இடமில்லை, ஏனெனில் அவர் கையில் ஒரு படம் இருந்தது.

ஆகவே, தூரத்தை விதிக்கும் அரசாணை ஒவ்வொன்றும் அளவை தொடங்கும் விளிம்பையும் அளக்கும் வழியையும் கூறவேண்டும். அதனைப் படமாக்குவோர், தாம் கையாண்ட வீழலையும் வளைவின் துண்டு எண்ணிக்கையையும் முனை வடிவையும் படத்தின் அடியிலேயே அச்சிட வேண்டும். இவை இல்லாத படத்தை எந்த நீதிமன்றமும் சான்றாக ஏற்கலாகாது.