ஆப்பிள் கூழுடன் பன்றி இறைச்சி சாப்ஸ்

ஆப்பிள் கூழுடன் பன்றி இறைச்சி சாப்ஸ் என்பது பன்றியின் முதுகுப் பகுதியிலிருந்து குறுக்காக வெட்டியெடுத்த தடித்த துண்டுகளை வாணலியில் சமைத்து, வேகவைத்து மசித்த ஆப்பிளை மேலே இட்டு உண்ணும் உணவு ஆகும். இது ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நன்கு அறியப்பட்ட வீட்டுச் சமையல் ஆகும். 'சாப்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வெட்டுதல் என்று பொருள்.

பருவமும் பழமும்

வட அரைக்கோளத்தின் குளிர் நாடுகளில் ஆப்பிள் பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பறிக்கப்படுகிறது. குளிர்பதன வசதி இல்லாத காலத்தில், பண்ணை வீடுகளில் பன்றிகளை அறுத்ததும் இலையுதிர் காலத்தின் இறுதியை ஒட்டியே ஆகும். குளிரில் இறைச்சி விரைவில் கெடாது. குளிர்காலம் முழுவதும் பன்றிகளுக்குத் தீனி தேடும் தேவையும் இராது. பழத்தோட்டங்களில் உதிர்ந்த ஆப்பிள்களும் பன்றிகளுக்குத் தீனியாயின. இறைச்சியின் பெரும்பகுதி உப்பிட்டும் புகையூட்டியும் சேமிக்கப்பட்டது. உப்பிடாத இறைச்சி கிடைத்த நாட்களில் ஆப்பிளும் கைவசம் இருந்தது.

ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலத்தின் புளிப்பு, இறைச்சிக் கொழுப்பின் திகட்டலைக் குறைக்கிறது. பிரித்தானியாவில் இதற்குப் பிராம்லி வகை ஆப்பிள் விரும்பப்படுகிறது. இதன் முதல் மரம் நாட்டிங்காம்சயரின் சவுத்வெல் ஊரில் 1809 இல் விதைத்த விதையிலிருந்து வளர்ந்தது. அமிலம் மிகுந்த இப்பழம் வேகும்போது தானாகவே குழைந்துவிடும்.

தேவையான பொருட்கள்

- 2.5 செ.மீ. தடிப்புள்ள எலும்புடன் கூடிய துண்டுகள் - 4
- புளிப்பு ஆப்பிள் - 3
- வெண்ணெய் - 2 மேசைக்கரண்டி
- சர்க்கரை - 1 மேசைக்கரண்டி
- தண்ணீர் - அரைக் கோப்பை
- இலவங்கப்பட்டை - சிறு துண்டு
- உப்பு, மிளகுத்தூள் - தேவையான அளவு

செய்முறை

1. ஆப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி நறுக்கவும். தண்ணீர், சர்க்கரை, பட்டை சேர்த்து மூடி, சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம் வேகவைத்து, பட்டையை நீக்கி மசிக்கவும்.
2. இறைச்சியின் ஈரத்தை ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் தடவவும்.
3. வாணலியில் வெண்ணெயை உருக்கி, துண்டுகளை இருபுறமும் பொன்னிறமாக வறுக்கவும். பின்னர்த் தீயைக் குறைத்து உட்புறம் வேகும்வரை சமைக்கவும்.
4. இறக்கி, குறைந்தது 3 நிமிடம் கழித்து ஆப்பிள் கூழை மேலே இட்டுப் பரிமாறவும்.

வேகவைக்கும் வெப்பநிலை

பன்றி இறைச்சியை மிகுதியாக வேகவைக்கும் பழக்கத்திற்கு முக்கியக் காரணம் திரிகினெல்லா என்னும் உருளைப்புழு ஆகும். இதன் குடம்பிகள் பன்றியின் தசையில் தங்கியிருக்கும். சரியாக வேகாத இறைச்சியை உண்பவரின் உடலில் அவை புகுந்து காய்ச்சலையும் தசைவலியையும் உண்டாக்கும். இப்புழுவை 1835 இல் இலண்டனில் மருத்துவ மாணவராக இருந்த ஜேம்ஸ் பேஜட் மனிதத் தசையில் கண்டறிந்தார்.

உணவுக் கழிவுகளை வேகவைக்காமல் பன்றிகளுக்கு இடுவதால் இந்நோய் பரவியது. 1980 இல் இயற்றப்பட்ட ஐக்கிய அமெரிக்கச் சட்டம் அவ்வாறு இடுவதைத் தடுத்தது. வளர்ப்பு முறைகளும் மேம்பட்டதால் அந்நாட்டில் நோய் அரிதாயிற்று. 2011 இல் ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறை, முழுத்துண்டு இறைச்சிக்கான குறைந்த அளவு உள்வெப்பநிலையை 71 பாகை செல்சியசிலிருந்து 63 பாகையாகக் குறைத்தது. சமைத்தபின் 3 நிமிடம் ஆறவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. கொத்திய இறைச்சிக்கு 71 பாகை என்பதில் மாற்றமில்லை.

இக்காலப் பன்றிகள் கொழுப்புக் குறைவாக இருக்கும்படி வளர்க்கப்படுவதால், மிகுதியாக வெந்த துண்டு எளிதில் வறண்டுவிடும். 63 பாகையில் உட்புறம் சற்றே இளஞ்சிவப்பாக இருக்கக்கூடும். ஆகவே நிறத்தை நம்பாமல், எலும்பில் படாதவாறு துண்டின் நடுப்பகுதியில் உணவு வெப்பமானியைச் செருகி அளப்பதே நம்பத்தக்க முறையாகும்.

மக்கள் பண்பாட்டில்

1971 இல் ஒளிபரப்பான 'தி பிராடி பஞ்ச்' தொலைக்காட்சித் தொடரின் ஓர் அங்கத்தில், பீட்டர் என்னும் சிறுவன் நடிகர் அம்ஃப்ரி போகார்ட்டின் குரலில் இவ்வுணவின் பெயரைச் சொல்லிக் காட்டுவான். அமெரிக்கர் பலருக்கு இவ்வுணவின் பெயர் அக்காட்சியை நினைவூட்டுகிறது.