கம்பளி இழையை அளந்த ஒளி

முடியிழை ஒன்றின் பருமனை நம் வீட்டு அளவுகோல் காட்டாது. அதனை வெறும் விளக்கொளியைக் கொண்டே அளக்க வழிகண்டார் லண்டன் மருத்துவர் ஒருவர்.

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். ஆயினும் நுண்ணிய பொருளின் விளிம்பைக் கடக்கையில் அது சற்றே விலகிப் பரவுகிறது. இதனை விளிம்பு விளைவு என்கிறோம். இத்தாலியப் பாதிரியார் கிரிமால்டி இதைக் கண்டு எழுதிய நூல், அவர் மறைந்த பின்னர் 1665-இல் வெளிவந்தது.

1803-இல் தாமஸ் யங், அங்குலத்தில் 30-இல் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டைச் சூரியக் கதிரின் குறுக்கே நிறுத்தினார். நிழலுக்குள்ளேயே வரிவரியாய் ஒளி தெரிந்தது. ஒரு பக்கத்து ஒளியை மறைத்ததும் அவ்வரிகள் மறைந்தன. இருபுற அலைகளும் கூடியே அவற்றைத் தோற்றுவித்தன என்பது தெளிவாயிற்று. இதற்கு அவர் பெற்ற பரிசு, எடின்பரோ ரிவியூ இதழில் ஹென்றி புரூம் பொழிந்த ஏச்சு!

யங் தளரவில்லை. 1813-இல் எரியோமீட்டர் என்னும் கருவியை விவரித்தார். எரியோன் என்றால் கிரேக்க மொழியில் கம்பளி. கம்பளியின் விலை இழையின் மென்மையைப் பொறுத்ததன்றோ? கருவியோ மிக எளியது. தகட்டின் நடுவே ஒரு துளை, அதனைச் சுற்றி வட்டமாய் ஊசித் துளைகள், பின்னால் விளக்கு. கண்ணருகே இழைகளைப் பிடித்து நோக்கினால் நடுத்துளையைச் சுற்றி வண்ண வளையம் தோன்றும். அவ்வளையம் ஊசித் துளைகளின்மேல் பொருந்தும் வரை தொலைவை மாற்றவேண்டும். இழை மெலிய மெலிய வளையம் விரியும். ஆகவே பொருந்தும் தொலைவு குறையும். வொல்லாஸ்டன் முன்பே அளந்து வைத்திருந்த காளான் தூளைக் கொண்டு, கருவியின் ஓர் அலகு அங்குலத்தில் ஏறத்தாழ 30,000-இல் ஒரு பங்கு என யங் வரையறுத்தார்.

மருத்துவரல்லவா, இரத்த அணுக்களையும் அவர் விடவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்துத் தென்னாப்பிரிக்காவில் பைப்பர் என்பார் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தார். சிவப்பணுக்கள் பருத்துவிடும் கொடிய சோகை நோயில் வளையம் சுருங்கிக் காட்டிக்கொடுத்தது.

சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சர் சி. வி. இராமன் 1906-இல் வெளியிட்ட முதல் கட்டுரையும் விளிம்பு விளைவு பற்றியதே. மறு ஆண்டு உத்தியோகத்தின் பொருட்டுக் கல்கத்தா சென்றார். நம்மில் பலரைப் போல் அவரும் பிழைப்புக்காக மாகாணம் கடந்தவர்தாம்.

இன்று சிவப்பு லேசர் விளக்கொன்றே போதும். மில்லிமீட்டரில் 20-இல் ஒரு பங்கு பருமனுள்ள முடி, 2 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் சுமார் 26 மில்லிமீட்டர் இடைவெளியில் கரும்பட்டைகளை வீழ்த்தும். முடி இருமடங்கு பருத்ததாயின் இடைவெளி 13 மில்லிமீட்டராகும்.