வழித்தோன்றல் இல்லாத புரவி: ‘திங்க் பிக்’கும் கோலாலம்பூர்ப் பந்தய வரலாறும்

பந்தயக் குதிரையின் பெருமையை அதன் குட்டிகளைக் கொண்டு அளப்பது அத்துறையின் வழக்கம். அவ்வாறு அளந்தால், 1970-இல் நியூசிலாந்தில் பிறந்த ‘திங்க் பிக்’ என்னும் தோரோபிரெட் குதிரை விட்டுச் சென்றது எதுவுமில்லை. அது விதையடிக்கப்பட்ட குதிரை. எனினும், கோலாலம்பூரின் பந்தய வரலாற்றை எழுதப் புகுவோர் அதனைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

அதன் உரிமையாளர்களுள் ஒருவர் கோலாலம்பூர்த் தொழிலதிபர் டத்தோ டான் சின் நாம் (1926–2018). பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் நாள்தோறும் காணும் மிட்வேலி வணிக வளாகத்தை எழுப்பிய ஐ.ஜி.பி. குழுமத்தின் நிறுவனர்களுள் ஒருவரும் அவரே. சதுரங்கப் பற்றாளரான அவருடைய குதிரைகளை ஓட்டிய ஜாக்கிகளின் சட்டையும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆனது.

மெல்பர்ன் கிண்ணம் 3,200 மீட்டர்ப் பந்தயம். திறன் மிக்க குதிரைக்கு மிகுதியான சுமை ஏற்றப்படுவது அதன் விதி. 1974-இல் திங்க் பிக் 53 கிலோ சுமந்து, தன் பயிற்றுநர் பார்ட் கம்மிங்ஸின் மற்றொரு குதிரையான லெய்லானியை முந்தியது. அடுத்த ஓராண்டில் அது ஒரு பந்தயத்தில்கூட வெல்லவில்லை. ஆயினும், பழைய வெற்றியின் பொருட்டு 1975-இல் 58.5 கிலோ சுமத்தப்பட்டது. பந்தயம் கட்டுவோர் அதனை ஏறத்தாழக் கைவிட்டனர். ஒன்றுக்கு முப்பத்துமூன்று என்பதே அன்றைய விகிதம். அன்றும் அது வென்றது. இருமுறையும் ஹாரி வைட் ஓட்டினார். அதன்பின் வெற்றி இல்லை. இரண்டே நாள்களால் புகழ்பெற்ற இதனை மாவீரக் குதிரை எனலாமா என ஐயுறுவோர் உளர். கிண்ணத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்றவை 1861 முதல் நான்கு குதிரைகளே என்பதை அவர்கள் கருதுதல் வேண்டும்.

குருதிவழி அமையாத மரபு உரிமைவழி அமைந்தது. டான் – கம்மிங்ஸ் கூட்டு 1996-இல் ‘செயின்ட்லி’யாலும் 2008-இல் ‘வியூட்’டாலும் மீண்டும் வென்றது. கடல்வழிக் குதிரை வணிகம் தமிழர்க்குப் பட்டினப்பாலைக் காலம் முதல் அறிந்த செய்தி. மலாயாவிலோ, பந்தயம் ஓடியறியாத ஆஸ்திரேலியக் குதிரைகளைத் தருவித்துக் கழக உறுப்பினர்களுக்குக் குலுக்கலில் பகிர்ந்தளிக்கும் முறை நிலவியது. வாங்கும் இடத்தில் இருந்த நாடு, விற்றவர் மண்ணிலேயே சென்று வெல்லும் நிலையைத் திங்க் பிக் காட்டியது.

இவ்வரலாற்றின் உள்நாட்டுப் பக்கம் மெலிந்தே உள்ளது. 1896-இல் தோன்றிய சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகம் 1988-இல் அம்பாங் சாலைத் திடலை விட்டது. பின்னர்ச் சுங்கை பீசி சென்றது. பழைய திடலில் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிறது. அம்மாற்றத்தில் முதன்மைப் பங்காற்றிய ஆனந்த கிருஷ்ணன் (1938–2024) பிரிக்பீல்ட்ஸில் பிறந்த தமிழர் என்பது பலரும் அறிந்ததே. அறியப்படாதோர் லாயத்துக் குதிரைக்காரர்கள். மலாயாவின் லாயங்களில் பவேயன் தீவினரும் மலாய்க்காரரும் தமிழரும் உழைத்தனர். பந்தயப் பதிவேடு குதிரையின் தந்தை பெயரைத் தரும். அதனைக் குளிப்பாட்டித் தீனியிட்டவர் பெயரைத் தருவதில்லை. நம் ஆய்வாளர்களும் தோட்டத்தையும் இரயில்வேயையும் எழுதிய அளவுக்கு லாயத்தை எழுதவில்லை.

1988-இல் அம்பாங் சாலை லாயத்தில் இருபது வயதினராக இருந்த ஒருவர் இன்று அறுபதை நெருங்கியிருப்பார். எத்தனை மணிக்கு எழுந்தார், எவ்வளவு கூலி பெற்றார், திடல் மூடப்பட்டபின் எங்குக் குடியேறினார் என்று அவரிடமே கேட்கலாம்.