சென்னைக் காசநோய் ஆய்வு

சென்னைக் காசநோய் ஆய்வு என்பது, நுரையீரல் காசநோய் கண்டவரை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாமா, சானடோரியத்தில் சேர்த்துத்தான் ஆகவேண்டுமா என்ற கேள்விக்கு விடை தேடிய மருத்துவ ஆய்வு. 1956-ல் சென்னையில் தொடங்கிய இந்த ஆய்வின் முடிவுகள் 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின. காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கும் வழக்கம் உலகெங்கும் கைவிடப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நோயாளிகளும் வீட்டாரும் இன்றும் மருத்துவரிடம் கேட்கும் பல கேள்விகளுக்கு விடை இந்த ஆய்விலும் இதைத் தொடர்ந்த ஆய்வுகளிலும் இருக்கிறது.

பின்னணி

காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கொல்லும் மருந்து இல்லை. நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றையுமே சானடோரியங்கள் நம்பியிருந்தன. சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1928-ல் அப்படியொரு சானடோரியம் அமைந்தது. அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை 107 நோயாளிகளிடம் சோதித்து 1948 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும் படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். ஆனால் அந்த ஒரே மருந்தை மட்டும் தொடர்ந்து கொடுத்தபோது பலரிடம் கிருமி அதற்கு அடங்காததாக மாறியது. பாஸ் என்னும் மருந்தையும், 1952-ல் வந்த ஐசோனியாசிடையும் கொண்டு கூட்டு மருந்துச் சிகிச்சை உருவானது இதனால்தான். எழுத்தாளர் புதுமைப்பித்தன் காசநோயால் இறந்ததும் 1948-ல்தான். மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் அது எளியவர் கைக்கு எட்டச் சில ஆண்டுகள் ஆயின.

ஆய்வு நடந்த விதம்

அன்றைய இந்தியாவில் காசநோயாளிகள் பல லட்சம். மருத்துவமனைப் படுக்கைகளோ அதில் மிகச் சிறு பகுதிக்குத்தான் போதும். இந்நிலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் தலைவர். சேத்துப்பட்டில் இயங்கும் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் வளர்ச்சியே.

சளியில் கிருமி இருந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர்கள் வீட்டில் இருந்தபடியே வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிடும் பாஸும் ஓராண்டுக்குக் கொடுக்கப்பட்டன. வீட்டுப் பிரிவினரில் பெரும்பாலோர் நெருக்கடியான வீடுகளில் வசித்த ஏழைகள். முழு ஓய்வுக்கு வழியில்லாதவர்கள். மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று பார்க்கப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதியிருந்த மருந்தை எண்ணினர். சிறுநீரில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்றும் சோதித்தனர்.

ஓராண்டு முடிவில் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பிலும் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

வீட்டாருக்குத் தொற்றுமா?

நோயாளியை வீட்டில் வைத்தால் குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் பரவும் என்பதே அன்றைய பேரச்சம். இரு பிரிவினரின் குடும்பத்தாரும் ஐந்தாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் கூடுதலாகக் காணப்படவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய வாரங்களிலும் மாதங்களிலும்தான் தொற்று பெரும்பாலும் நடந்து முடிகிறது. சரியான மருந்து தொடங்கிவிட்டால் பரப்பும் திறன் விரைவில் குறைகிறது.

காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. தட்டு, டம்ளர், துணி, கைகுலுக்கல் ஆகியவற்றால் பரவுவதில்லை. எனவே நோயாளிக்குத் தனித் தட்டு ஒதுக்குவதால் பயனில்லை. இருமும்போது வாயை மூடிக்கொள்வதும், தொடக்க வாரங்களில் முகக்கவசம் அணிவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும், வீட்டார் அனைவரும் பரிசோதனை செய்துகொள்வதுமே பயன்தரும். கிருமி உடலில் புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் என்றாவது நோயாக வெளிப்படுகிறது. நீரிழிவு, எச்.ஐ.வி., ஊட்டச்சத்துக் குறைவு, புகை, மது ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

சத்துணவு தேவையா?

சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடை கூடினர்; வீட்டில் இருந்தவர்களுக்கு அவ்வளவு எடை கூடவில்லை. ஆனாலும் கிருமி நீங்கியதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே நல்ல உணவு கிடைக்கும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இதனால் உணவு முக்கியமல்ல என்று ஆகிவிடாது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், நோயாளிகளின் வீட்டாருக்குக் கூடுதல் உணவுப்பொருள் தரப்பட்ட குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பும் குறைவாக இருந்தது. இந்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயும் ஊட்டச்சத்து உதவியாக வழங்குகிறது.

தடுப்பூசி போட்டவருக்கும் வருமா?

வரும். பிசிஜி தடுப்பூசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்குமா என்பதை அறிய 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பெரிய ஆய்வொன்று தொடங்கியது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகும் அத்தகைய பாதுகாப்பு தென்படவில்லை. குழந்தைப் பருவத்தில் ஊசி போட்டிருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம்.

ஏன் ஆறு மாதம்?

ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மருந்துகளும் சேர்ந்த பிறகு, ஓராண்டுக்கும் மேலாக நீண்ட சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது. இப்போது முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் கூட்டாகத் தரப்படுகின்றன. விரைவாகப் பெருகும் கிருமிகள் தொடக்க வாரங்களிலேயே மடிகின்றன. இருமலும் காய்ச்சலும் நின்று பசி திரும்புகிறது. ஆனால் மெதுவாக வளரும் கிருமிகள் சில மறைந்து நிற்கின்றன. நலமாகிவிட்டது என்று இடையில் நிறுத்துபவருக்கு நோய் திரும்புவதும், மருந்துக்கு அடங்காத நோயாக மாறுவதும் இவற்றால்தான்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினின் இயல்பான விளைவு, அஞ்ச வேண்டியதில்லை. கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, பார்வை மங்கல், கை கால் மரத்துப்போதல் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்றைய நிலை

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். பெரும்பாலோருக்கு வீட்டுச் சிகிச்சையே நடைமுறை. எனினும் மிகவும் நலிந்தவர்களுக்கு மருத்துவமனை தேவைப்படுகிறது. அவர்களைத் தொடக்கத்திலேயே கண்டறியத் தமிழ்நாடு 2022-ல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்பதைத் தொடங்கியது. உயரமும் எடையும், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பவை பார்க்கப்பட்டு, ஆபத்தில் இருப்பவர்கள் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். மற்றவர்கள் வீட்டில் இருந்தபடியே சிகிச்சையை முடிக்கலாம். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.