நீளும் பந்து, நீளாத நிலம்

கருவிகள் மேம்பட்டால் ஆட்டமும் மேம்படும் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். கோல்ப் ஆட்டத்தின் வரலாறு இதற்கு மாறான ஒரு சிக்கலைக் காட்டுகிறது. பந்தும் மட்டையும் மேம்பட மேம்பட, உலகப் புகழ்பெற்ற பழைய மைதானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் ‘சிறுத்து’ப் போயின. அவற்றின் பரப்பு குறையவில்லை; பந்து செல்லும் தொலைவுதான் கூடிற்று. இதன் பின்னுள்ள வரலாற்றையும் இயற்பியலையும் இங்கே காண்போம்.

முதலில் ஆட்டத்தைச் சற்று அறிந்துகொள்வோம். கோல்ப் மைதானத்தில் 18 குழிகள் உண்டு. ஒவ்வொரு குழிக்கும் ‘டீ’ எனப்படும் தொடக்க மேடை ஒன்று இருக்கும். அங்கிருந்து பந்தை அடித்து, புல்வெளி வழியே கொண்டு சென்று, ‘கிரீன்’ என்னும் ஒட்ட வெட்டிய புல்தளத்தில் உள்ள குழியில் சேர்க்க வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். வழியில் மணற்பள்ளங்களும் ஓடைகளும் மரங்களும் குறுக்கிடும். இவை கண்டபடி அமைக்கப்பட்டவை அல்ல. முதல் அடி 220 கெஜம் செல்லும் என்று கணக்கிட்ட வடிவமைப்பாளர், அந்தத் தொலைவை ஒட்டியே மணற்பள்ளத்தைத் தோண்டுவார். துணிந்து அதைத் தாண்ட முயல்வதா, பாதுகாப்பாக ஒதுங்கிச் செல்வதா என்று ஆட்டக்காரர் முடிவு செய்ய வேண்டும். இந்த முடிவில்தான் ஆட்டத்தின் சுவையே அடங்கியிருக்கிறது. 300 கெஜம் அடிப்பவருக்கோ அந்தப் பள்ளம் இருந்தும் இல்லாததே!

இறகிலிருந்து ரப்பருக்கு

ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் இவ்வாட்டத்தின் தாயகமாகப் போற்றப்படுவது. 18 குழிகள் என்ற வழக்கத்தின் வேர் 1764-இல் அங்கு செய்யப்பட்ட மாற்றத்தில் இருக்கிறது. அக்காலத்துப் பந்து தோலால் ஆனது. வேகவைத்த இறகுகளை அதனுள் இறுகத் திணித்துத் தைப்பார்கள். தேர்ந்த கைவினைஞரும் ஒரு நாளில் சில பந்துகளையே செய்ய முடியும். ஆகவே விலை அதிகம். மழையில் நனைந்தாலோ பந்து பாழ்.

1848 வாக்கில் மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் ‘கட்டா பெர்ச்சா’ என்ற பொருளால் பந்து செய்யத் தொடங்கினர். வெந்நீரில் இளகி, ஆறியபின் இறுகும் இப்பொருள் மலிவானது, உறுதியானது. இறகுப் பந்து செய்வதில் பெயர் பெற்ற ஆலன் ராபர்ட்சன் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவரிடம் தொழில் பயின்ற டாம் மாரிஸ் புதிய பந்தைக் கொண்டு ஆடியதால் இருவருக்கும் இடையே மனக்கசப்பு ஏற்பட்டது.

புதிய பந்தில் ஒரு விந்தை தென்பட்டது. வழவழப்பான புதுப் பந்தைவிட, அடிபட்டு வடுப்பட்ட பழைய பந்து நன்றாகப் பறந்தது! பறக்கும் பந்தின் இயக்கத்தை 1890-களில் எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பீட்டர் டெயிட் ஆராய்ந்தார். அவருடைய மகன் பிரெடி டெயிட் சிறந்த கோல்ப் வீரர். மட்டையில் பட்டுக் கிளம்பும் பந்து பின்னோக்கிச் சுழல்கிறது. அச்சுழற்சி காற்றைக் கீழ்நோக்கித் திருப்ப, எதிர்விசை பந்தை மேலே தூக்குகிறது. வெறும் எறிபொருளாகக் கணக்கிட்டால் கிடைப்பதைவிடப் பந்து நெடுநேரம் காற்றில் நிற்பதன் காரணம் இதுவே.

வடுக்களின் பயனையும் இன்று நாம் அறிவோம். வழவழப்பான பந்தின் மேல் ஓடும் காற்றுப்படலம் விரைவில் விலகி, பின்புறம் அகன்ற சுழற்காற்றுப் பகுதியை உண்டாக்கும். அங்கு அழுத்தம் குறைவதால் பந்து பின்னுக்கு இழுக்கப்படும். சிறு குழிவுகள் இருந்தால் காற்றுப்படலம் கலங்கி, பந்தை ஒட்டியே அதிகத் தூரம் ஓடும்; தடை ஏறத்தாழப் பாதியாகும். இத்தகைய குழிவுகள் கொண்ட பந்துக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் டெய்லர் 1905-இல் காப்புரிமை கோரினார்.

இதற்கிடையே, 1898-இல் அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கல், ரப்பர் இழையை இழுத்துச் சுற்றிய உள்ளீடு கொண்ட பந்தை உருவாக்கினார். 1902-இல் சாண்டி ஹெர்ட் இப்பந்தால் ஆடி, பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் வென்றார். மைதானங்களை நீட்ட வேண்டிய தேவை அப்போதே எழுந்துவிட்டது.

அளவுகோல் பிறந்தது

கட்டுப்பாடு தேவை என்பதை ஆட்டத்தின் இரு ஆட்சி அமைப்புகளான பிரிட்டனின் ‘ஆர் அண்ட் ஏ’யும் அமெரிக்க கோல்ப் சங்கமும் உணர்ந்தன. பந்தின் எடை 1.62 அவுன்சுக்கு மிகாமலும், விட்டம் 1.62 அங்குலத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று 1921-இல் விதித்தன. 1931-இல் அமெரிக்கச் சங்கம் 1.55 அவுன்ஸ் பந்தை முயன்று பார்த்தது. காற்றில் அலைக்கழிந்த அதை ஆட்டக்காரர்கள் வெறுக்கவே, மறு ஆண்டே பழைய எடைக்குத் திரும்பியது. 1976-இல் வேறு வழி கண்டது: இயந்திரத்தால் அடித்துச் சோதிக்கும்போது பந்து குறிப்பிட்ட தொலைவைத் தாண்டக் கூடாது. 2004-இல் இச்சோதனையை மட்டை வேகம் மணிக்கு 120 மைல், தொலைவு 317 கெஜம் என்று மாற்றியமைத்தனர்.

ஆனால் அறிவியல் நிற்கவில்லை. மரத்தலை மட்டையின் இடத்தை உலோகத்தலை பிடித்தது. 1990-களில் டைட்டானியம் வந்தது. பெரிய, உள்ளீடற்ற தலையின் மெல்லிய முகப்பு அடிக்கும் கணத்தில் சற்றே வளைந்து மீள்வதால், பந்து நசுங்குவதில் வீணாகும் ஆற்றல் குறைகிறது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் பல அடுக்குகள் கொண்ட திண்மப் பந்து பரவியது. ஆட்டக்காரர்களின் உடற்பயிற்சியும், பந்தின் பாதையை அளக்கும் ரேடார் கருவிகளும் துணை நின்றன. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் முதல் அடியின் சராசரித் தொலைவு 1980-இல் சுமார் 257 கெஜம், 2003-இல் 286, 2023-இல் ஏறத்தாழ 300.

மூன்று மைதானங்கள்

அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தில் 1934 முதல் மாஸ்டர்ஸ் போட்டி நடைபெறுகிறது. 1997-இல் டைகர் உட்ஸ் அங்கு 12 அடி வித்தியாசத்தில் வென்றபோது மைதானத்தின் நீளம் 6,925 கெஜம். 2002-இல் அது 7,270 ஆகவும், 2006-இல் 7,445 ஆகவும் நீட்டப்பட்டது. அதன் 13-ஆவது குழியின் கிரீனுக்கு முன் ஓர் ஓடை உண்டு. இரண்டாம் அடியிலேயே ஓடையைத் தாண்டுவதா வேண்டாமா என்பதே அங்குள்ள புகழ்பெற்ற சோதனை. முதல் அடி நீண்டபின் அந்தச் சோதனை எளிதாகிவிட்டது. நிர்வாகம் பக்கத்து மைதானத்திடமிருந்து நிலம் வாங்கி, 2023-இல் டீயைப் பின்னுக்குத் தள்ளி, 510 கெஜத்தை 545 ஆக்கிற்று.

அகஸ்டாவிடம் பணம் இருந்தது, நிலமும் கிடைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ன செய்யும்? ஒருபுறம் ஊர், மறுபுறம் வேறு மைதானங்கள். 2010-இல் அங்கு 17-ஆவது குழியை 495 கெஜமாக்க, பழைய ரயில்பாதைக்கு அப்பால், மைதானத்தின் எல்லைக்கு வெளியே புதிய டீ அமைத்தனர். உலகின் மிகப் பழைய மைதானம் தன் எல்லைக்குள் தன் ஆட்டத்தை அடக்க இயலாத நிலைக்கு வந்துவிட்டது!

நீளம் மட்டுமே காப்பா என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1912-இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் மெரியன் மைதானம் மிகச் சிறியது. 2013-இல் அங்கு அமெரிக்க ஓபன் போட்டி நடந்தபோது அதன் நீளம் 7,000 கெஜத்துக்குச் சற்றுக் குறைவுதான். ஆயினும் வென்ற ஜஸ்டின் ரோசின் கணக்கு, மைதானத்துக்குரிய அளவைவிட ஓர் அடி அதிகமாகவே இருந்தது. புல்வழியைக் குறுக்கி, ஓரங்களில் நெடும்புல்லை வளர்த்ததே இதற்கு உதவியது. ஆனால் வழி குறுகினால் தேர்வும் குறுகுகிறது. எண்ணிக்கை காப்பாற்றப்பட்டாலும் வடிவமைப்பாளரின் எண்ணம் காப்பாற்றப்பட்டதாகக் கூற முடியாது.

எதைக் கட்டுவது?

மைதானம் நீண்டால் நிலம், நீர், உரம், பராமரிப்பு எல்லாம் கூடும். எனவே 2023 டிசம்பரில் இரு அமைப்புகளும் பந்தையே கட்டுப்படுத்தத் துணிந்தன. தொலைவு வரம்பு அதே 317 கெஜம். சோதனை வேகம் 125 மைலாக உயரும். தொழில்முறைப் போட்டிகளில் 2028 முதலும், மற்றவர்களுக்கு 2030 முதலும் இது நடைமுறைக்கு வரும் என்று அப்போது அறிவித்தன. மிக நீளமாக அடிப்பவர்கள் 13 முதல் 15 கெஜம் இழப்பார்கள். பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு 5 கெஜமோ அதற்கும் குறைவோதான் இழப்பு என்பது அவற்றின் மதிப்பீடு. நீண்ட அடியைக் காணவே ரசிகர்கள் விரும்புகிறார்கள் என்று எதிர்ப்பும் எழுந்தது.

இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்தார். இன்னும் சற்று வளர்ந்தால் ஈட்டி அரங்குக்குள் அடங்காது என்ற நிலை. அரங்கை யாரும் நீட்டவில்லை. 1986-இல் ஆண்களுக்கான ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னுக்கு நகர்த்தினர்; எறியும் தொலைவு குறைந்தது. ஈட்டி எறிதல் அதனால் அழிந்துவிடவில்லை. வலிமையும் திறமையும் உள்ளவரே இன்றும் வெல்கிறார்.

கோல்ப் ஆட்டத்துக்கும் இது பொருந்தும். எல்லாருடைய பந்தும் ஒரே விகிதத்தில் கட்டுப்பட்டால் திறமையின் வரிசை பெரிதும் மாறாது. பழைய மணற்பள்ளங்களுக்கு மட்டும் மீண்டும் வேலை கிடைக்கும். ஆய்வுக்கூடத்தில் புதிய பந்தைச் சில ஆண்டுகளில் உருவாக்கிவிடலாம். கடற்காற்றும் பல தலைமுறைகளின் காலடிகளும் சேர்ந்து உருவாக்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற நிலத்தை அப்படி உருவாக்க முடியாது. மாற்றத்தக்கது எதுவோ, அதை மாற்றுவதே அறிவுடைமை.