உஸ்மான் பாஷாவின் கப்பல்: ஒரு புகைப்படம் சொல்வதும் சொல்லாததும்



சிவப்புத் துருக்கிக் குல்லாய், பித்தளைப் பொத்தான்கள் பதித்த கடற்படைச் சீருடை, தோளில் பதவிச் சின்னங்கள். இத்தோற்றத்தில் கடற்படை அதிகாரிகள் கப்பலின் மேல்தளத்தில் அணிவகுத்து நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று, துருக்கியிலும் ஜப்பானிலும் பலமுறை அச்சிடப்பட்டுள்ளது. கப்பலின் பெயர் எர்துக்ருல். அதில் தூதுக்குழுவின் தலைவராகச் சென்றவர் உஸ்மான் பாஷா. உதுமானியப் பேரரசின் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, ஜப்பானியப் பேரரசருக்கு அனுப்பிய நல்லெண்ணத் தூதுக்குழு அது.

கடலைக் காணாத நம் சங்கராபுரத்திற்கும் இக்கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். அக்கப்பல் பம்பாய்க்கும் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றது. பின்னிரண்டும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வணிகம் செய்தும் பள்ளிவாசல்கள் எழுப்பியும் வாழ்ந்த துறைமுகங்கள். சிங்கப்பூரில் நம் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய சூலியா பள்ளி, இக்கப்பல் அங்கு செல்வதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. எனவே இது நம் முன்னோர் வாழ்ந்த கரைகளைத் தொட்டுச் சென்ற வரலாறும் ஆகும்.

பயணத்தின் காரணம்

1887ஆம் ஆண்டு ஜப்பானிய இளவரசர் கொமாட்சு அகிஹிட்டோ இஸ்தான்புல் வந்து சுல்தானைச் சந்தித்தார். அம்மரியாதைக்குப் பதில் மரியாதை செய்யும் பொருட்டு, உயரிய பதக்கத்துடனும் அன்பளிப்புகளுடனும் எர்துக்ருல் அனுப்பப்பட்டது. இதற்கு இன்னொரு நோக்கமும் உண்டு. சுல்தான் கலீஃபாவாகவும் விளங்கியவர். ஐரோப்பிய ஆட்சியின் கீழிருந்த ஆசிய முஸ்லிம்களின் கண்முன்னே கலீஃபாவின் கொடி பறக்க வேண்டும் என்று அரண்மனை விரும்பியது. அரண்மனையை விட்டு அரிதாகவே வெளியே வந்த அந்த சுல்தான், புகைப்படத்தின் வலிமையை நன்கறிந்தவர். தம் நாட்டின் பள்ளிகள், மருத்துவமனைகள், படைகள் ஆகியவற்றைப் படமெடுக்கச் செய்து, 51 பெரிய தொகுப்புகளாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற்கு அனுப்பியவர் அவரே. தம் அரசை உலகம் எப்படிக் காண வேண்டும் என்பதில் அவருக்கு அத்தனை அக்கறை இருந்தது.

ஆனால் தோற்றம் வேறு, நிலைமை வேறு. எர்துக்ருல் 1860களில் கட்டப்பட்ட மரக்கப்பல். பாயும் நீராவி இயந்திரமும் கொண்டது. அது புறப்பட்டபோது அதன் வயது இருபத்தைந்துக்கும் மேல். உதுமானியக் கடற்படையோ பணத் தட்டுப்பாட்டினால் பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அத்தகைய கப்பலில் அறுநூறு பேரளவில் ஏறி, 1889 ஜூலை 14 அன்று இஸ்தான்புல்லிலிருந்து புறப்பட்டனர்.

கரைகள் தந்த வரவேற்பு

சூயஸ் கால்வாய்ப் பகுதியிலேயே கப்பல் தரைதட்டிச் சேதமுற்றது. பழுது பார்த்துக்கொண்டு அக்டோபரில் பம்பாயை அடைந்தது. கலீஃபாவின் கப்பலைக் காணவும் மாலுமிகளைச் சந்திக்கவும் முஸ்லிம்கள் திரள் திரளாக வந்தனர். நவம்பர் தொடக்கத்தில் கொழும்பு. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்ததற்காக நாடுகடத்தப்பட்ட உராபி பாஷா 1883 முதல் வாழ்ந்துவந்த இலங்கை அது. சித்தி லெப்பை அவர்களின் 'முஸ்லிம் நேசன்' இதழ் சமுதாயத்தை எழுப்பிக்கொண்டிருந்த காலமும் அதுவே.

நவம்பர் நடுவில் சிங்கப்பூரை அடைந்த கப்பல், பழுதும் பணத் தட்டுப்பாடும் பருவக் காற்றும் தடுத்தமையால் நான்கு மாதங்கள் அங்கேயே நின்றது. புறப்பட்டபோது 'உஸ்மான் பே'யாக இருந்த தலைவர், வழியிலேயே பதவி உயர்வு பெற்று 'உஸ்மான் பாஷா' ஆனார். பதவி உயர்ந்ததேயன்றிக் கப்பல் புதுப்பிக்கப்படவில்லை என்பதை இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும்.

பதினொரு மாதங்கள் பயணம் செய்து, 1890 ஜூன் 7 அன்று எர்துக்ருல் யோக்கோஹாமா துறைமுகத்தை அடைந்தது. உஸ்மான் பாஷா பேரரசர் மெய்ஜியைச் சந்தித்து, சுல்தானின் பதக்கத்தையும் அன்பளிப்புகளையும் வழங்கினார். தூதுப் பணி நிறைவேறிற்று.

பாறையில் மோதிய இரவு

அதன் பின்னர் மாலுமிகளிடையே காலரா பரவிற்று. சிலர் மாண்டனர். புயற்காலம் நெருங்குவதைச் சுட்டிக்காட்டி, கப்பலைச் செப்பனிட்டுப் பின்னர் புறப்படுமாறு ஜப்பானியர் அறிவுரை கூறினர். எனினும் 1890 செப்டம்பர் 15 அன்று எர்துக்ருல் தாயகம் நோக்கிப் புறப்பட்டது. மறுநாள் இரவு, குஷிமோட்டோ அருகிலுள்ள ஓஷிமா தீவின் காஷினோ முனையில் புயலில் சிக்கிப் பாறைகளில் மோதி உடைந்தது. உஸ்மான் பாஷா உள்ளிட்ட 500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிழைத்தவர்கள் 69 பேர் மட்டுமே.

தப்பிய சிலர் கலங்கரை விளக்கின் ஒளியைக் கண்டு, செங்குத்தான பாறையில் ஏறி வந்தனர். அவர்கள் பேசிய மொழி அங்கிருந்த எவருக்கும் விளங்கவில்லை. அத்தீவின் ஏழை மீனவர்கள் அவர்கள் எந்த நாட்டவர், எந்த மார்க்கத்தவர் என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. குளிரில் விறைத்தவர்களைத் தம் உடற்சூட்டால் காத்தனர். ஆபத்துக் காலத்திற்கென வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குகளையும் கோழிகளையும் உணவாக்கித் தந்தனர். இறந்தவர்களின் உடல்களைக் கடலிலிருந்து மீட்டு அடக்கம் செய்தனர். சிகிச்சையளித்த உள்ளூர் மருத்துவர்கள் கட்டணம் பெற மறுத்து, அத்தொகையைப் பாதிக்கப்பட்டோருக்கே கொடுக்கும்படி கூறினர்.

பிழைத்தவர்களை ஹியெய், கொங்கோ என்னும் இரு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் ஏற்றிச் சென்று, 1891 ஜனவரி 2 அன்று இஸ்தான்புல்லில் சேர்த்தன. யமடா டோராஜிரோ என்ற இளைஞர், இறந்தோரின் குடும்பங்களுக்காக ஜப்பானில் நிதி திரட்டி, 1892இல் தாமே இஸ்தான்புல் சென்று ஒப்படைத்தார். பின்னர் பல ஆண்டுகள் அங்கு வாழ்ந்து இரு நாட்டாருக்கும் பாலமாக விளங்கினார்.

எது நிலைத்தது?

சுல்தான் அப்துல் ஹமீது 1909இல் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். 1924இல் கிலாஃபத்தும் முடிவுற்றது. எந்த அரசின் பெருமையை உலகிற்குக் காட்ட அக்கப்பல் சென்றதோ, அந்த அரசே இன்று இல்லை. ஆனால் ஓஷிமா மீனவர்களின் உதவி மறக்கப்படவில்லை.

1985 மார்ச் மாதம், ஈரான்–ஈராக் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஈரான் வான்வெளியில் பறக்கும் விமானங்களைச் சுட்டு வீழ்த்தப்போவதாக ஈராக் கெடு விதித்தது. டெஹ்ரானில் சிக்கிய ஜப்பானியர்களை ஏற்றிச்செல்ல அவர்கள் நாட்டு விமானம் வரவில்லை. துருக்கி தன் விமானங்களை அனுப்பி 215 ஜப்பானியர்களை மீட்டது. அங்கிருந்த துருக்கியரில் பலர் அவர்களுக்கு இடம்விட்டுத் தரைவழியே நாடு திரும்பினர். எர்துக்ருலுக்காக ஜப்பானியர் செய்ததைத் தாங்கள் மறக்கவில்லை என்று துருக்கியர் அதற்குக் காரணம் கூறினர். கப்பல் மூழ்கி அப்போது 95 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்போது அந்தப் புகைப்படத்தை மீண்டும் பார்ப்போம். அதில் பதக்கங்கள் தெரிகின்றன, பதவிகள் தெரிகின்றன. கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போட்டவர்கள் தெரியவில்லை. மரப்பலகைகளின் நலிவும் தெரியவில்லை. பாறையில் கயிறு கட்டி மாலுமிகளைத் தூக்கிய மீனவர்கள் அப்படத்தில் இருக்கவும் வழியில்லை. ஆனால் இரு நாடுகளின் நட்பு நிலைத்தது அவர்களால்தான். 2007 முதல் ஆய்வாளர்கள் அக்கடலடியிலிருந்து மீட்டுவரும் பொருள்களில், மாலுமிகளுக்கு உணவு சமைத்த பெரிய செப்புக் கொப்பரையும் ஒன்று. புகைப்படம் சொல்லாத வாழ்வை அக்கொப்பரை சொல்கிறது.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. நம் வீடுகளின் பெட்டிகளிலும் பரண்களிலும் பழைய புகைப்படங்கள் கிடக்கின்றன. முன்வரிசை நாற்காலிகளில் அமர்ந்திருப்போரின் பெயர்களை ஒருவாறு கூறிவிடுகிறோம். பின்வரிசையில் நிற்பவர்கள் யார்? சமைத்தவர் யார்? சுவர் எழுப்பிய கொத்தனார் யார்? பெரியவர்கள் நம்மிடையே உள்ளபோதே கேட்டறிந்து, ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வைக்குமாறு ஜமாஅத்தார் அனைவரையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். நாற்காலியில் அமர்ந்தவரின் பெயரோடு, ஓரத்தில் நிற்பவரின் பெயரும் அதில் இடம்பெறட்டும்.